மாத்திரையா, ரேஷன் அரிசியா?

"அரிசியிலேயே ஃபோலிக் அமிலம் சேர்த்துத் தருகிறார்களே அக்கா, அப்புறம் மாத்திரை எதற்கு?" நீலகிரியின் கூடலூர் பக்கம் புதிதாகக் கல்யாணமான பெண் இப்படிக் கேட்டால் அது நியாயமான கேள்விதான். கணக்கைப் பார்ப்போம்.

செறிவூட்டிய, அதாவது சத்துகள் சேர்த்த ரேஷன் அரிசியில் ஃபோலிக் அமிலம் என்ற பி வைட்டமின் கிலோவுக்கு 75 முதல் 125 மைக்ரோகிராம் இருக்க வேண்டும் என்பது விதி. நாளுக்கு 400 கிராம் அரிசி சாப்பிட்டாலும் 30 முதல் 50தான் சேரும். குழந்தையின் முதுகுத்தண்டு, மூளைக் குறைபாடுகளைத் தடுக்கப் பரிந்துரைப்பதோ தினம் 400. அமெரிக்காவில் 1998 முதல் மாவில் கட்டாயமாகச் சேர்த்து இக்குறைபாடுகளைக் குறைத்தார்கள், உண்மைதான். ஆனால் அங்கே கிலோவுக்கு 1,400!

சரி, மாத்திரையே போதுமா? அங்கே இடிப்பது நாள்கணக்கு. பின்னால் மூளையாகவும் தண்டுவடமாகவும் வளரும் நரம்புக்குழாய், கருத்தரித்த 28 நாளுக்குள் மூடிவிடும். நாள் தள்ளிப்போனது தெரிந்து, தேயிலைத் தோட்டத்தில் லீவு சொல்லி, பஸ் பிடித்து சுகாதார நிலையம் போவதற்குள் அந்தக் கெடு முடிந்திருக்கும். அரிசிக்கு இந்தத் தொல்லை இல்லை, நினைக்காமலே வயிற்றுக்குள் போகிறது.

என் ஓட்டு மாத்திரைக்கு. ஆனால் கருத்தரிப்பதற்கு ஒரு மாதம் முன்பே தொடங்க வேண்டும். முதல் குழந்தைக்கு இக்குறை இருந்திருந்தால் பத்து மடங்கு அளவு தேவைப்படும், அதை டாக்டர்தான் எழுத வேண்டும். அரிசியில் இரும்புச்சத்தும் உண்டு. நீலகிரிப் பழங்குடியினரிடையே சிக்கிள் செல் என்ற பரம்பரை ரத்த நோய் இருப்பதால், அந்த நோய் உள்ளவர்கள் இரும்பு பற்றி டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. தனி ஃபோலிக் அமில மாத்திரையில் இரும்பு கிடையாது.