பாம்பன் நெத்திலிக் கருவாடு: பரணில் காய்ந்ததைக் கேட்டு வாங்குங்கள்

பாம்பன், மண்டபம் பக்கம் நெத்திலிக் கருவாட்டை இரண்டு விதமாகக் காயவைக்கிறார்கள். கடற்கரை மணலில் அப்படியே கொட்டிக் காயவைப்பது ஒன்று, வலை கட்டிய பரணில் பரப்பிக் காயவைப்பது இன்னொன்று. பரண் கருவாட்டுக்கு விலை கூடக் கேட்டாலும் தயங்காமல் கொடுக்கலாம். ஈர மீனில் ஒட்டிய மணல் காயும்போது தோலோடு இறுகிவிடும். நாலு தண்ணீர் அலசினாலும் பல்லில் நறநறக்கும். மணலில் கிடக்கும் மீனுக்கு அடியில் காற்றும் புகாது. ஈரம் தங்கிய பக்கம்தான் முதலில் பூஞ்சை பிடிக்கும்.

கடையில் ஒன்றை எடுத்து வளையுங்கள். படக்கென்று ஒடிந்தால் நல்லது. துவண்டால், தண்ணீரின் எடைக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறீர்கள். நிறம் வெள்ளியாகப் பளிச்சிட வேண்டும். மஞ்சள் ஏறியிருந்தால் கொழுப்பு கெட்டுச் சிக்கு வாடை வரும். வயிறு வெடித்தவை நிறையக் கிடந்தால், மீன் கரையேறியும் வெகுநேரம் சும்மா கிடந்திருக்கிறது. பொடிப்பொடியாக வேறு மீன் குஞ்சுகள் கலந்திருந்தால் வாங்கவே வேண்டாம். நெத்திலி பிடிக்கும் கரைவலை, அதாவது கரையில் நின்று இழுக்கும் வலை, அடிக்கடலைச் சுரண்டும் இழுவைமடியைவிட எவ்வளவோ மேல்தான். ஆனாலும் கரைவலையின் மடியில் வலைக்கண் சிறிது, நாளைக்கு வளரவேண்டிய குஞ்சும் சேர்ந்து வந்துவிடும்.

நெத்திலி சீக்கிரம் வளர்ந்து சீக்கிரம் இனம் பெருக்கும் மீன். முள்ளோடு தின்பதால் சுண்ணாம்புச் சத்தும் சேரும். வெயிலில் காய்வதற்கு ஐஸும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். வாரம் முழுக்க வஞ்சிரம் தேடுகிற வீடுகள் இரண்டு நாளாவது இதற்கு மாறினால் உடம்புக்கும் கடலுக்கும் நல்லது.

இதில் ஒரு குறை, உப்புதான். ஒருவருக்கு ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குள் உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. உப்புப் போடாமல் காய்ந்ததா என்று முதலில் கேளுங்கள். உப்பிட்டது என்றால் தலையைக் கிள்ளி, வெந்நீரில் 10 நிமிடம் ஊறவிட்டு, இரண்டு முறை தண்ணீர் மாற்றுங்கள். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பிட்டதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

நாலு பேருக்கு 100 கிராம் தாராளம். கத்தரிக்காயும் மாங்காயும் புளிக்கரைசலில் முக்கால் வேக்காடு வெந்த பிறகு கருவாட்டைப் போட்டு, 5 நிமிடத்தில் இறக்குங்கள். முன்னாலேயே போட்டால் கரைந்து முள் மட்டும் மிஞ்சும். காரத்துக்கு இந்த ஊர் முண்டு மிளகாய். குழம்புக்கு உப்பைக் கடைசியில் ருசி பார்த்துப் போடுங்கள். சோற்றைவிடக் கம்பங்களிக்கு இது இன்னும் பொருந்தும். கம்புக்கு நெல் அளவு தண்ணீரும் தேவையில்லை.

வாங்கிவந்த பிளாஸ்டிக் பையிலேயே வைத்தால் உள்ளே வியர்த்துப் பூசணம் பூக்கும். ஒரு வெயில் காட்டி, ஆறவிட்டு, காகிதத்தில் சுற்றி மூடி இறுகிய டப்பாவில் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காய்ந்த சரக்கு அரைகுறைதான். அதனால் அந்த இரண்டு மாதத் தேவையை ஆவணிக்குள் வாங்கிவிடுங்கள்.