ஆலோசகரா, எச்சரிக்கை மணியா, சம்பள வேலையா?

பெரும்பாலான கல்லூரிகளில் வேலைவாய்ப்புப் பிரிவு ஒன்று இருக்கிறது. அதன் கதவைத் தட்டுபவர்கள் பெரும்பாலும் தங்களுக்கு எது வேண்டும் என்று முன்பே தெரிந்த பிள்ளைகள். குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவரும், முதல் தேர்விலேயே சறுக்கியவரும், எடுத்த பாடம் பிடிக்காமல் தவிப்பவரும் அந்தப் பக்கமே போவதில்லை. அவர்களைத் தேடிப் போகும் மூன்று வழிகளை மட்டும் இங்கே எடைபோடுகிறேன்.

முதலாவது, நெருக்கமான ஆலோசனை. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் தன் இரண்டாண்டுக் கல்லூரிகளில் 2007-இல் ஏசாப் என்ற திட்டத்தைத் தொடங்கியது. மாணவர் முழுநேரமாகப் படிக்க வேண்டும், ஆலோசகரை அடிக்கடி சந்திக்க வேண்டும். உதவித்தொகை போக மீதமுள்ள கட்டணத்தைத் திட்டமே ஏற்றது, பாடநூலுக்கும் உதவியது. மாதாந்தரப் பயண அட்டையும் உண்டு, ஆனால் ஆலோசகரைப் பார்த்தால்தான். சிறிய நிபந்தனைதான், கூச்சப்படும் பிள்ளையையும் ஆலோசகர் முன் உட்கார வைத்தது. எம்டிஆர்சி ஆய்வு நிறுவனம் குலுக்கல் முறையில் மாணவர்களை இரண்டாகப் பிரித்துப் பார்த்தது. மூன்று ஆண்டுகளில் பட்டம் முடித்தவர்கள் திட்டத்தில் இருந்தோரில் 40 சதவீதம், மற்றவர்களில் 22 சதவீதம். இவ்வளவு பெரிய இடைவெளியைக் கல்வி ஆய்வுகளில் காண்பது அபூர்வம். ஒவ்வொரு மாணவருக்கும் செலவு கூடுதல்தான். ஆனால் பட்டம் பெற்றவர் ஒருவருக்கு எவ்வளவு ஆனது என்று கணக்கிட்டபோது செலவு குறைந்தே இருந்தது.

இரண்டாவது, தரவு வழி எச்சரிக்கை. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம் 2012 முதல் 800-க்கும் மேற்பட்ட அறிகுறிகளைக் கணினி கொண்டு கண்காணிக்கிறது. முதன்மைப் பாடத்தின் தொடக்க வகுப்பிலேயே மதிப்பெண் குறைந்தால் ஆலோசகருக்குத் தகவல் போகும். பெரிய கல்லூரிக்கு இது பயனுள்ளது. ஆனால் மணி அடித்தால் எழுந்து போக ஆள் வேண்டும். அந்தப் பல்கலைக்கழகம் கூடுதல் ஆலோசகர்களையும் நியமித்தது. அதைக் கவனிக்காமல் மென்பொருளை மட்டும் வாங்கும் கல்லூரி ஏமாந்துபோகும். ‘உனக்கு இது கடினம்’ என்று கணினி சொல்வதைக் கேட்டு, ஏழைப் பிள்ளைகளை அறிவியலிலிருந்து விலக்கிவிடும் ஆபத்தும் இருக்கிறது. எனக்கு உண்மையான அச்சம் அதுதான்.

இந்த இரண்டும் பட்டம் முடிக்க உதவும். எந்தத் தொழில் தனக்குப் பொருந்தும் என்பதை வேலை செய்து பார்த்துத்தான் அறிய முடியும். அதற்கு மூன்றாவது வழி, படிப்பும் சம்பள வேலையும் மாறி மாறி வரும் கோ-ஆப் கல்வி. பொறியியல் பேராசிரியர் ஹெர்மன் ஷ்னைடர் 1906-இல் அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் பொறியியல் மாணவர்களை வகுப்புக்கும் தொழிற்சாலைக்கும் மாறி மாறி அனுப்பினார். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் 1957-இல் தொடங்கியபோதே இம்முறையைக் கைக்கொண்டது. அங்கே நான்கு மாதம் படிப்பு, நான்கு மாதம் சம்பள வேலை என்று சுற்று ஓடுகிறது. ஒரு துறை பிடிக்கவில்லை என்று இரண்டாம் ஆண்டிலேயே தெரிந்துகொள்வது பெரிய லாபம். பட்டம் வாங்கிய பிறகு தெரிந்தால் ஆண்டுகள் போயிருக்கும். படிப்புக் காலம் சற்று நீள்வதும், பொருளாதார மந்த காலத்தில் வேலை கிடைக்காமல் போவதும் இதன் குறைகள்.

என் தேர்வு, முதல் ஆண்டில் நெருக்கமான ஆலோசனை, அதன்பின் கோ-ஆப். எச்சரிக்கை முறை இவற்றுக்குத் துணை நிற்கலாம். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடங்களைப் பார்க்கும் முன், ஓர் ஆலோசகருக்கு எத்தனை மாணவர்கள் என்று கேளுங்கள். அந்த எண்ணிக்கை ஆயிரத்தைத் தொட்டால், உங்கள் பிள்ளையின் பெயர்கூட அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை.