ஏழு படி நற்செய்திப் பகிர்வு: எங்கள் அன்பியத்தில் எப்படி இருக்கிறது?

அன்பியக் கூட்டத்துக்கு (அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடும் சிறு குழுதான் அன்பியம்) எந்த முறை நல்லது என்று தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தூத்துக்குடியில் எங்கள் பங்கில், அதாவது எங்கள் கோவிலைச் சேர்ந்த சமூகத்தில், நான் அன்பியப் பொறுப்பாளர். செபமாலை சொல்லி ஒரு பாட்டோடு முடிக்கும் கூட்டத்திலும் இருந்திருக்கிறேன், ஒருவரே விளக்கம் சொல்ல மற்றவர்கள் தலையாட்டும் கூட்டத்திலும் இருந்திருக்கிறேன். ஏழு படி முறைக்கு வந்த பிறகு பழையபடி நடத்த எங்களில் யாருக்கும் மனம் வரவில்லை.

செலவு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. படிகளை அச்சடித்த ஓர் அட்டையும் கையில் ஒரு திருவிவிலியமும் போதும். இது தென்னாப்பிரிக்காவில் லும்கோ என்ற கத்தோலிக்கப் பயிற்சி நிலையத்தில் பிறந்த முறை. ஓஸ்வால்ட் ஹிர்மர், ஃபிரிட்ஸ் லோபிங்கர் என்ற இரண்டு ஜெர்மானியக் குருக்கள் இதை வளர்த்தெடுத்தார்கள். இருவருமே பிறகு அங்கே ஆயர்கள் (பிஷப்புகள்) ஆனார்கள். 1990-இல் இந்தோனேசியாவின் பாண்டுங் நகரில் கூடிய ஆசிய ஆயர்கள், பங்கு என்பது சிறு சமூகங்கள் சேர்ந்த சமூகமாக வளர வேண்டும் என்று சொன்னார்கள். அதையொட்டி இந்த முறை ஆசியாவிலும் நன்றாகப் பரவியது.

முதல் படியில் ஆண்டவரை அழைத்து ஒருவர் செபிக்கிறார். இரண்டாவதில் பகுதியை வாசிக்கிறோம். மூன்றாவதில்தான் முறையின் அருமை தெரியும். மனதில் பட்ட ஒரு சொல்லையோ சிறு தொடரையோ ஒவ்வொருவரும் சத்தமாகச் சொல்ல வேண்டும், விளக்கம் கூடாது. சொன்னதையே இரண்டு மூன்று முறை சொல்லி, இடையில் சற்று மௌனம் விட வேண்டும். எழுத்து தெரியாத பாட்டியும் காதில் விழுந்ததைச் சொல்லலாம். படித்தவர், படிக்காதவர் என்ற பேதம் அங்கே எடுபடாது.

மாற்கு 10:46-52, வழியோரம் உட்கார்ந்திருந்த பர்த்திமேயு என்ற பார்வையற்ற பிச்சைக்காரர் இயேசுவைக் கூவி அழைக்கும் பகுதியை வாசித்த அன்று எல்லாரும் ‘எனக்கு இரங்கும்’ என்பதையே சொல்லிக்கொண்டிருந்தோம். புதிதாகக் கல்யாணமாகி வந்த ஒரு பெண் ‘பலர் அவரை அதட்டினர்’ என்றாள். மூன்று முறை சொன்னாள். கூட்டத்தில் அவள் வாய் திறந்து நாங்கள் கேட்டது அன்றுதான். மறையுரைகளில் பர்த்திமேயுவின் விசுவாசத்தைப் பற்றி நிறையக் கேட்டிருக்கிறேன். வாயை மூடு என்று அதட்டியவர்கள் இயேசுவோடு நடந்து வந்தவர்கள் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

நான்காவது படி மௌனம், ஐந்து நிமிடம். பழகாதவர்களுக்குக் கஷ்டம்தான். பக்கத்து வீட்டு சீரியல் சத்தம் கேட்கும், பிள்ளைகள் நெளியும். அதற்காக இதைக் குறைத்துவிடாதீர்கள். ஐந்தாவது பகிர்வு. ‘நான்’ என்று தன் வாழ்க்கையிலிருந்து பேச வேண்டும். மற்றவர் சொன்னதைத் திருத்தவோ அதற்குப் பதில் சொல்லவோ கூடாது. பிரசங்கம் செய்து பழகியவர்கள் இங்கேதான் திணறுவார்கள். நடத்துகிறவர் அன்பாக, ஆனால் உறுதியாக, அட்டையைக் காட்டி நிறுத்தத் தெரிந்தவராக இருக்க வேண்டும். இருபது பேருக்கு மேல் போனால் இந்தப் படி இழுத்துவிடும், இரண்டு குழுவாகப் பிரிவதே நல்லது.

ஆறாவது படியைப் பல அன்பியங்களில் விட்டுவிடுகிறார்கள். பகிர்வு முடிந்ததும் டீ வந்துவிடும். என்னைக் கேட்டால் மற்ற ஆறையும் தாங்குவதே இந்தப் படிதான். கேட்ட வார்த்தையை வைத்து இந்த வாரம் என்ன செய்யப்போகிறோம், யார் செய்வது, எப்போது என்று முடிவெடுக்க வேண்டும். போன வாரத்து முடிவு என்ன ஆயிற்று என்றும் சொல்ல வேண்டும். பர்த்திமேயு வாரத்தில் எங்கள் முடிவு எளிமையானது: கூட்டத்துக்கு வராத ஒரு குடும்பத்தைப் போய்ப் பார்ப்பது, புத்தி சொல்லாமல் கேட்டுவிட்டு மட்டும் வருவது. அவர்கள் வேறு சபைக்குப் போய்விட்டார்கள் என்றே பேச்சு இருந்தது. போய்க் கேட்டால், புருஷனும் மனைவியும் உப்பளத்துக்கு விடியும் முன்பே கிளம்ப வேண்டும், எட்டு மணிக்கெல்லாம் படுத்துவிடுவார்கள். நாங்கள் கூட்டத்தைத் தொடங்குவதே ஏழரைக்கு! அடுத்த வாரம் அதை எல்லார் முன்னும் சொன்னோம். இப்போது ஞாயிறு மாலை நான்கு மணிக்குக் கூடுகிறோம்.

ரோமையில் 2023-லும் 2024-லும் அக்டோபர் மாதங்களில் நடந்த ஆயர் மாமன்றத்தை (உலகத் திருச்சபையின் ஆலோசனைக் கூட்டத்தை) நான் ஆர்வமாகக் கவனித்தேன். கர்தினால்களும் பொதுநிலைப் பெண்களும் ஒரே வட்ட மேசையில் உட்கார்ந்து, ஒவ்வொருவராகப் பேசி, இடையில் மௌனம் காத்து, அடுத்தவர் சொன்னதில் தங்களைத் தொட்டது எது என்று சொன்னார்கள். எங்கள் வீட்டு முற்றத்தில் பாய் விரித்துச் செய்வதற்கும் அதற்கும் அதிக தூரம் இல்லை. 2024 அக்டோபர் 27 நிறைவுத் திருப்பலியின் நற்செய்தியும் பர்த்திமேயுதான். உட்கார்ந்தே இருக்கும் திருச்சபையாக இருந்துவிடக் கூடாது என்று திருத்தந்தை பிரான்சிஸ் அன்று மறையுரையில் சொன்னார்.

ஏழாவது படி, அவரவர் வார்த்தையில் செபம், கடைசியில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு பாட்டு. மொத்தம் ஒரு மணி நேரம் ஆகும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதல் மாதம் இயேசுவின் உவமைகளையும் புதுமைகளையும் (அற்புதங்களையும்) மட்டும் எடுங்கள், பவுலின் திருமுகங்கள் பிறகு வரட்டும். ஆறாவது படியின் முடிவை ஒரு நோட்டில் எழுதி, அடுத்து கூட்டம் நடக்கும் வீட்டில் கொடுத்துவிடுங்கள்.