கடலோரமா, ரயிலடியா, லூயிஸா?

இங்கிலாந்தின் பிரைட்டனுக்கு வெளியூர்க் கால்பந்து ஆட்டம் பார்க்கப் போகிறவர்கள் பலர் ஒரே தப்பைச் செய்கிறார்கள். கடற்கரை ஊர்தானே, கடலைப் பார்த்தபடி இரண்டு பைன்ட் பியர் குடித்துவிட்டு மைதானத்துக்கு நடந்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். நடக்க முடியாது. 1997-இல் ஹோவிலிருந்த கோல்ட்ஸ்டோன் மைதானத்தைப் பறிகொடுத்த பிரைட்டன் கிளப், பதினான்கு வருடம் இரவல் இடங்களில் ஆடிவிட்டு 2011-இல்தான் அமெக்ஸ் மைதானத்துக்குக் குடிபோனது. அமெக்ஸ் இருப்பதோ ஊருக்கு வெளியே நாலு மைல் தள்ளி, ஃபால்மரில். அங்கே பக்கத்தில் பப் என்று சொன்னால் ஏ27 சாலைக்கு அந்தப் புறம் ஸ்வான் இன் இருக்கிறது. ஒரு கிராமத்து பப். வருகிற கூட்டம் முப்பதாயிரம். மீதியை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அதனால் எந்த பப் நல்ல பப் என்று பார்ப்பதற்கு முன், அங்கிருந்து ஃபால்மர் ரயில் ஏறும் பிளாட்பாரம் எவ்வளவு தூரம் என்று பார்க்க வேண்டும். கடலோரம், ரயிலடி, பக்கத்து ஊரான லூயிஸ் என்று நான் மூன்று விதமாகவும் போய்ப் பார்த்திருக்கிறேன்.

கடலோரத்தைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். கடற்கரைச் சாலைக்கு அடியிலுள்ள வளைவுகளுக்குள் ஃபார்ச்சூன் ஆஃப் வார் பப் இருக்கிறது. சற்று உள்ளே, லேன்ஸ் சந்துகளில், 1547 முதல் இருப்பதாகச் சொல்லிக்கொள்ளும் கிரிக்கெட்டர்ஸ். வெயில் அடித்தால் அழகான இடங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் ரயில் நிலையம் மேட்டில் இருக்கிறது. குடித்த வயிற்றோடு குவீன்ஸ் ரோடு ஏறிப் பாருங்கள், தெரியும். நான் போன அன்று ஒரு பப்பில் பிளாஸ்டிக் கோப்பையில் ஊற்றித் தந்தார்கள். அதைக் கூழாங்கல்லின் மேல் நிற்க வைக்க இடம் தேடுவதற்குள் கையிலிருந்த சிப்ஸைக் கடற்காகம் கொத்திக்கொண்டு போனது. உள்ளூர் அணியின் பட்டப்பெயரும் கடற்காகங்கள்தான். ஆட்டம் தொடங்கும் முன்பே ஒன்றுக்குப் பூஜ்யம்.

ரயிலடிதான் பெரும்பாலானோருக்குச் சரிப்படும். நிலையத்திலிருந்து இரண்டு மூன்று நிமிட நடையில் சர்ரி ஸ்ட்ரீட்டில் ஈவினிங் ஸ்டார். சின்ன இடம், மரத்தரை, அலங்காரம் கிடையாது. டார்க் ஸ்டார் பியர் பிறந்ததே இதன் நிலவறையில்தான், 1994-இல். ஏல் வகை பியர் குடிப்பவர் என்றால் வேறு யோசனையே வேண்டாம். டிராஃபல்கர் ஸ்ட்ரீட்டில் இறங்கினால் பிரின்ஸ் ஆல்பர்ட். பக்கச் சுவரில் தெருச்சுவர் ஓவியர் பேங்க்ஸி வரைந்த, முத்தமிடும் இரண்டு போலீஸ்காரர்கள். இப்போது இருப்பது நகல், அசல் அமெரிக்காவுக்கு விற்கப்பட்டுவிட்டது.

எனக்குப் பிடித்தது இன்னும் கொஞ்சம் தள்ளி, குளோஸ்டர் ரோட்டில் இருக்கும் பாஸ்கெட்மேக்கர்ஸ். சுவர் முழுக்கப் பழைய புகையிலை டப்பாக்கள். மூடியைத் திறந்தால் உள்ளே யாரோ எழுதி மடித்து வைத்த துண்டுச் சீட்டு இருக்கும். நான் திறந்த ஒன்றில் காதல் வாக்குமூலம், அடுத்ததில் பென்சிலில் ஒரு ஆட்டத்தின் ஸ்கோர். அதையெல்லாம் படித்துக்கொண்டிருந்ததில் ஒரு ரயில் போய்விட்டது. அது என் தப்பு.

ரயிலடியின் குறை கூட்டம். ஃபால்மருக்குப் பத்து நிமிடப் பயணம்தான், ஆனால் நிலையத்தில் வரிசை நீளம். சில பப்களில் வெளியூர்ச் சட்டையோடு உள்ளே விடமாட்டார்கள். மேலே ஒரு ஜாக்கெட் போட்டுக்கொள்வது நல்லது. பிரைட்டனின் பரம எதிரியான கிரிஸ்டல் பேலஸ் அணியின் ரசிகராக இருந்தால் இந்தப் பகுதியையே மறந்துவிடுங்கள்.

அப்புறம் லூயிஸ். ஃபால்மருக்கு அந்தப் பக்கம் இருக்கிற அடுத்த நிலையம். கடல் கிடையாது, ஆனால் ஹார்வீஸ் பியர் காய்ச்சுவது இங்கேதான், ஊஸ் ஆற்றங்கரையில், 1790 முதல். அதற்கு எதிரே ஜான் ஹார்வி டாவர்ன். பீப்பாய் ஆற்றைத் தாண்டக்கூட வேண்டாத தூரம், ஹார்வீஸின் பெஸ்ட் பிட்டர் பியரை வேறு எங்கே குடித்தாலும் எனக்கு இவ்வளவு ருசித்ததில்லை.

கோட்டைக்குக் கீழே இருக்கும் லூயிஸ் ஆர்ம்ஸ் பப்பின் கதையைக் கேட்டால் இந்த ஊர்க்காரர்களைப் புரியும். 2006 டிசம்பரில், அப்போதைய உரிமையாளரான கிரீன் கிங் நிறுவனம் அந்த பப்பில் ஹார்வீஸை நிறுத்தியது. வாடிக்கையாளர்கள் சண்டை போடவில்லை, வாசலில் நின்று மறியல் செய்தார்கள், உள்ளே போகவில்லை. 133 நாள். 2007 ஏப்ரலில் நிறுவனம் இறங்கி வந்தது. இப்படிப்பட்ட ஊரில் கெட்ட பியர் கிடைக்குமா?

நிலையத்துக்குப் பக்கத்திலேயே லூயிஸ் எஃப்சி கால்பந்து கிளப்பின் டிரிப்பிங் பேன் மைதானம். ஆண், பெண் அணிகளுக்கு 2017-இலேயே சம ஊதியம் கொடுத்த கிளப் அது. நேரம் இருந்தால் எட்டிப் பாருங்கள்.

அமெக்ஸ் மைதானத்துக்குள்ளும் குடிக்கலாம், ஆடுகளம் கண்ணில் படும் இடத்தில் மட்டும் கூடாது, 1985 சட்டம். ரசிகர்களுக்கென்று ஏற்பாடு செய்த பேருந்தில் வருபவர்களுக்கு வழியிலும் அதே சட்டம் தடை போடுகிறது. அவர்களுக்கு உள்ளே இருக்கும் கவுன்டர்தான் கதி. அங்கேயும் ஹார்வீஸ் உண்டு, மோசமில்லை.

என் ஓட்டு லூயிஸுக்கு. பியருக்காக மட்டும் இல்லை, திரும்பி வரும்போதுதான் இதன் அருமை தெரியும். போன முறை தோற்றுவிட்டு ஃபால்மர் நிலையத்துக்கு வந்தேன். பிரைட்டன் பக்க வரிசை வேலியோடு வளைந்து வளைந்து மைதானம் வரை போயிருந்தது. லூயிஸ் பக்கம் எனக்கு முன்னால் நாற்பது பேர் இருந்திருப்பார்கள். அடுத்த ரயிலில் ஏறி, உட்கார்ந்தே போனேன்.