கரும்புக் கத்தியா, அரிவாளா?

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதித் தமிழ்க் குடும்பங்களில் பாட்டன் வழியாக வந்த, பிடி தேய்ந்த வெட்டுக்கருவி ஒன்றைக் கையில் எடுப்பவருக்கு, அது தோட்டத்துக் கரும்புக் கத்தியா, கொல்லர் அடித்த அரிவாளா என்ற ஐயம் எழுவது இயல்பே. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனை அடைந்தது முதல் ஒப்பந்தத் தொழிலாளர் பலர் கரும்புத் தோட்டங்களில் உழைத்ததால், எண்ணம் கரும்புக் கத்தியின் பக்கமே சாயும். எனினும் குடும்பக் கதையைவிட இரும்பின் வடிவமே நம்பத்தக்க சாட்சி.

அரிவாளின் கூர் உள்வளைவில் இருக்கும். அலகின் அடிப்பகுதி கூம்பி மரப்பிடிக்குள் செருகப்பட்டு, பிடியின் வாயில் பூண் இறுக்கப்பட்டிருக்கும். கரும்புக் கத்தியின் அலகோ அகன்று, தட்டையாக, ஏறக்குறைய நேரான கூருடன் இருக்கும். பிடி பெரும்பாலும் இருபுறமும் மரத்துண்டு வைத்து ஆணியடித்தது. பலவற்றின் முதுகில் சோகை (கரும்பின் தோகை) உரிப்பதற்கான சிறு கொக்கியும் உண்டு. அது இருந்தால் கரும்புக் கத்தி என்றே நான் முடிவு செய்வேன்.

கொக்கி இல்லையெனில் தேய்மானத்தைப் பார்க்கலாம்: கரும்பைத் தரையை ஒட்டி வெட்டுவதால் முனைப்பக்கம் மண்ணிலும் கல்லிலும் பட்டு மழுங்கும். தொழிற்சாலை முத்திரையும் உதவும்; ஆகவே உப்புத்தாளால் தேய்க்கும் ஆர்வத்தை (எல்லோருக்கும் வருவதுதான்) அடக்கி, மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் துடைப்பதே முறை. முத்திரை இல்லாமையை மட்டும் கொண்டு அரிவாள் என்று தீர்ப்பது சரியன்று. துரு அதை எளிதில் விழுங்கிவிடும்.