நெய்மீனுக்கு ஜே முள், கலவாவுக்கு வட்ட முள்: ராமநாதபுரம் கடலில் எதற்கு எது?

தூண்டில் சாமான் விற்கிற கடையில் போய் நின்றால் முதலில் வரும் கேள்வி, "என்ன நம்பர் வேணும்?" முள்ளின் அளவைச் சொல்கிற அந்த நம்பர் உண்மையில் இரண்டாவதாகக் கேட்க வேண்டியது. பத்துக் கிலோ நெய்மீனும் (வஞ்சிரம்) பத்துக் கிலோ கலவாவும் தராசில் ஒன்றுதான். ஆனால் நெய்மீன் வேகத்தில் வந்து இரையின் பின்பாதியை நறுக்கிக்கொண்டு போகும். கலவா வாயைப் பிளந்து, தண்ணீரோடு சேர்த்து இரையை உறிஞ்சி, விழுங்கியபடியே பாரின் (கடலடிப் பாறைத் திட்டின்) பொந்துக்குத் திரும்பும். இந்த இரண்டுக்கும் ஒரே முள்ளைக் கட்டிவிட்டு, மீன் தங்கவில்லை என்று நம்பரை ஏற்றிக்கொண்டே போவதில் பலன் இல்லை.

மீனின் வாய் ஒரு பக்கம். நரம்பு (தூண்டில் இழை) யார் பொறுப்பில் இருக்கிறது என்பது இன்னொரு பக்கம். விரலில் பிடித்து உட்கார்ந்திருக்கிறீர்களா, ஓடுகிற வள்ளத்தின் பின்னால் இழுக்கிறீர்களா, நீளக் கயிற்றில் வரிசையாக முள் கட்டிய ஆயிரங்கால் தூண்டிலாகப் போட்டுவிட்டுக் காலையில் எடுக்கப் போகிறீர்களா? இது தெரிந்தால் வடிவம் தானாக முடிவாகும். நம்பர் அதற்குப் பிறகு.

இரண்டும் மாட்டுகிற விதம்

ஜே முள்ளின் முனை தண்டுக்கு இணையாக, நேராக மேலே பார்க்கும். சுண்டி இழுத்த நொடியில் எது எதிர்ப்படுகிறதோ அதில் ஏறும். உதடு, தாடை, நாக்கு, தொண்டை, குடல் எல்லாம் அதற்கு ஒன்றுதான். கடித்த உடனே சுண்டினால் தாடையில் நிற்கும். தாமதித்தால் உள்ளே போய்விடும். குடலில் குத்திய மீன் சீக்கிரம் சாகும். சின்ன மீன் என்று திருப்பி விட்டாலும் பிழைக்கும் வாய்ப்பு குறைவு.

வட்ட முள்ளின் முனை நண்டுக் கொடுக்கு மாதிரி உள்பக்கம், தண்டை நோக்கித் திரும்பியிருக்கும். மீன் முழுதாக விழுங்கினாலும் முனை வெளியே நீட்டாததால் தொண்டையில் எளிதில் குத்தாது. மீன் திரும்பிப் போகும்போது நரம்பு சீராக இறுக, முள் வழுக்கி வெளியே வந்து வாயோரத்தில் புரண்டு தாடைமூலையில் ஏறுகிறது. முள் புரள்வதற்கு அந்தச் சீரான இழுப்பு கட்டாயம். சுண்டினால் புரள நேரம் இல்லாமல் இரையோடு வாயை விட்டு வெளியே வந்துவிடும்.

"வட்ட முள்ளுல மீன் தங்காது" என்கிற பேச்சுக்குப் பெரும்பாலும் காரணம் இந்தச் சுண்டல்தான். கைத்தூண்டிலில் வளர்ந்த கை, தட்டு (மீன் கடிக்கிற அதிர்வு) விழுந்ததும் தானாகவே சுண்டும். அந்தப் பழக்கத்தை விட்டே ஆக வேண்டும். தட்டு விழுந்தால் விரலைத் தளர்த்துங்கள். நரம்பு ஓட ஆரம்பித்ததும் பிடியை இறுக்கி, மீனின் பாரம் கையில் ஏறும்வரை அப்படியே நில்லுங்கள். அதற்குப் பிறகுதான் இழுப்பு.

இன்னும் இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. ஒன்று, இரையை வாய் நிறைய அடைப்பது. முனைக்கும் தண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளிதான் தாடைக்குள் நுழைய வேண்டியது. கணவாய்த் துண்டை மூன்று மடிப்பாகக் கோத்து அந்த இடத்தை அடைத்துவிட்டால் முள் வெறும் வளையம். துண்டின் ஒரு ஓரத்தில் ஒரே குத்து போதும். முழுச் சூடை மீன் என்றால் மூக்கிலோ கண்குழியிலோ கோத்துவிடுங்கள். இரண்டாவது, வாங்கும்போது பார்க்காமல் விடுவது. முள்ளைக் கண்ணாடி மேல் படுக்க வையுங்கள். முழுதாகப் படிந்தால் நல்லது. முனை ஒரு பக்கமாகச் சாய்ந்து தூக்கி நின்றால் அது வட்ட முள்ளின் பெயரில் வரும் பாதி ஜே முள். குடலில் குத்தும் வாய்ப்பு அதில் கூடுதல்.

நெய்மீன், ஊளி: ஜே முள்ளின் இடம்

இழுப்புத் தூண்டிலில் நெய்மீன் தேடுகிறவர்கள் வட்ட முள்ளுக்குப் போக வேண்டியதில்லை. வள்ளம் ஓடிக்கொண்டிருப்பதால் சுண்டல் தானாகவே விழுகிறது. மீனும் விழுங்குவதில்லை, நறுக்குகிறது. முரல் மீனை இரையாக, மூக்கில் ஒற்றை முள் போட்டு இழுத்துப் பாருங்கள்: தலையும் முள்ளும் பத்திரமாகத் திரும்பி வரும், செவுளுக்குப் பின்னால் கத்தியில் வெட்டினது போல் ஒன்றும் இருக்காது. அதனால் முள் இரண்டு வேண்டும். முன்முள் இரையைத் தாங்க, பின்முள் மீனைப் பிடிக்க.

முன்முள் 4/0 அல்லது 5/0 (இந்த நம்பரில் முதல் எண் ஏற ஏற முள் பெரிது). கீழ்த்தாடையில் ஏற்றி மேல்தாடை வழியாக, அச்சு நடுவில் வெளியே எடுக்க வேண்டும். ஒரு இம்மி விலகினாலும் இரை சுழலும்; சுழன்றால் நரம்பு முறுக்கேறும், நெய்மீன் கிட்டே வராது. பின்முள் 6/0, இரையின் முதுகுத்துடுப்புக்குப் பின்னால் தோலில் லேசாக மட்டும் குத்தியிருக்கட்டும். இரண்டையும் சேர்க்கிற கம்பி கொஞ்சம் தொய்வாக இருப்பது முக்கியம். விறைப்பாகக் கட்டினால் இரை வில்லாக வளைந்து பம்பரமாகச் சுற்றும். செத்த இரைக்கு வேகம் மணிக்கு இரண்டு மூன்று கடல் மைல்; பிளாஸ்டிக் மீனுக்கு ஐந்து ஆறு.

நரம்புக்கும் முள்ளுக்கும் நடுவே கம்பி இல்லாமல் நெய்மீன், ஊளி (பரகுடா) இரண்டையும் நம்ப முடியாது. 40 முதல் 50 சென்டிமீட்டர் போதும். ஒற்றை இழைக் கம்பி மெல்லியது, மீனின் கண்ணில் அதிகம் படாது. ஆனால் ஒரு மடிப்பு விழுந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். அதை நிமிர்த்தி மறுபடி கட்டினால் அந்த இடத்தில்தான் அறும். ஏழு இழைக் கம்பி மடிப்பைத் தாங்கும், குழல் போட்டு நசுக்கிக் கட்டலாம், ஆனால் தடிமன். வாடைக் காலத்தில் வடகடல் (பாக் விரிகுடா) கலங்கிக் கிடக்கும்போது தடிமன் பிரச்சினை இல்லை. தென்கடல் (மன்னார் வளைகுடா) தெளிந்த நாளில் ஒற்றை இழைதான் சரி.

ஒற்றை இழையைக் கட்டுவதில் ஒரு நுணுக்கம். முள்ளின் கண்ணில் நுழைத்த பிறகு இரண்டு முனைகளையும் எக்ஸ் வடிவில் குறுக்கே வைத்து, இரண்டும் ஒன்றையொன்று சுற்றும்படி ஐந்தாறு முறுக்கு. ஒன்று நேராக நிற்க மற்றது மட்டும் சுற்றினால் இழுப்பில் உருவிக்கொள்ளும். அதற்குப் பிறகு வால் முனையை மட்டும் 90 பாகையில் மடக்கி நெருக்கமாக நாலைந்து சுற்று. மிச்சத்தைக் குறடால் வெட்டாதீர்கள். கைப்பிடி போல மடக்கி முன்னும் பின்னும் ஆட்டினால் சுற்றுக்கு ஒட்டினாற்போல் முறிந்துவிடும். வெட்டினால் நிற்கிற துணுக்கு, மீனைக் கையில் எடுக்கும்போது உள்ளங்கையைக் கிழிக்கும்.

பார் மீன்கள்: இங்கே வட்ட முள்ளை மிஞ்ச ஆள் இல்லை

கலவா, விளைமீன், செப்பிலி எல்லாம் பாரை ஒட்டியே மேய்கிறவை. ஜே முள்ளின் நீட்டிய முனை மீனைப் பிடிக்கும் முன் கல்லைப் பிடிக்கும். வட்ட முள்ளின் முனை உள்ளே திரும்பியிருப்பதால் கல்லில் சிக்குவது வெகுவாகக் குறைவு. விலை கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் பாரில் அறுத்துவிட்டு வருகிற ஜே முள், ஈயம், நரம்பு எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் அந்தக் கணக்கு தலைகீழாகிறது. ஈயக்குண்டை மட்டும் முதன்மை நரம்பைவிட மெல்லிய துண்டு நரம்பில் தொங்கவிடுங்கள். கல்லிடுக்கில் ஈயம் மாட்டினால் அது மட்டும் அறும், முள்ளும் மீனும் மேலே வரும்.

கலவாவுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. மெதுவாக இறுகட்டும் என்று அதிக நேரம் விட்டால் அது பொந்துக்குள் புகுந்து செவுளை விரித்துக்கொள்ளும். பிறகு யார் இழுத்தாலும் வராது. தட்டு தெரிந்ததும் சுண்டாமல், நிற்காமல், கைமாற்றிக் கைமாற்றி வேகமாக இரண்டு மூன்று பாகம் (ஒரு பாகம் என்பது இரு கை விரித்த நீளம்) மேலே எடுத்துவிட வேண்டும். சீரான வேகம் என்பதால் வட்ட முள் அதற்குள் புரண்டு மாட்டியிருக்கும்.

நம்பரை இங்கே நம்ப வேண்டாம். ஒரு கம்பெனியின் 8/0 வட்ட முள் இன்னொரு கம்பெனியின் 5/0 ஜே முள் அளவுக்குத்தான் இருக்கும். அளவுகோலை வைத்து முனைக்கும் தண்டுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். விளைமீன், சின்னச் செப்பிலிக்கு 10 முதல் 12 மில்லிமீட்டர். ஐந்து கிலோவுக்கு மேற்பட்ட கலவாவுக்கு 18 முதல் 20. நரம்பு ஒரு மில்லிமீட்டர் தங்கூஸ் (ஒற்றை நைலான் இழை). அது சுமார் 45 கிலோ தாங்கும், முடிச்சில் கொஞ்சம் குறையும்.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் 1986 முதல் தேசியப் பூங்கா. தீவை ஒட்டிய பாரில் தூண்டில் போடுவது எந்த முள்ளாக இருந்தாலும் குற்றம்தான். கலவா இனத்திலேயே மிகப் பெரிதாக வளரும் ராட்சதக் கலவா வனவிலங்குச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டது. மாட்டினால் படகில் ஏற்றாமல் தண்ணீரிலேயே விட்டுவிட வேண்டும்.

ஆயிரங்கால் தூண்டிலுக்கு வட்ட முள்ளைத் தவிர வேறு யோசனை வேண்டாம். சுண்ட ஆள் இல்லாத இடம் அது. தாடையில் மாட்டிய மீன் தூக்கும்வரை உயிரோடு கிடக்கும். கரையில் செவுள் சிவப்பாக இருக்கிற மீனுக்குக் கிடைக்கிற விலை வேறு. ஆமையும் வட்ட முள்ளை அவ்வளவாக விழுங்காது. அமெரிக்காவில் அட்லாண்டிக் பக்கம் ஆழ்கடல் நெடுந்தூண்டில்களுக்கு 2004-இல் 16/0, 18/0 வட்ட முள்ளைக் கட்டாயமாக்கியது இதற்காகத்தான்.

பாறை மீன், சூரை

சூரைக்குக் கம்பி வேண்டாம். கண் கூர்மையான மீன், கம்பியைக் கண்டால் ஒதுங்கும். இறகு கட்டிய ஜே முள் போதும். மினிக்காயில் கம்பும் கயிறுமாகச் சூரை பிடிப்பவர்கள் எதிர்முள் (முனைக்குக் கீழே பின்பக்கம் நீட்டிய கொக்கி) இல்லாத ஜே முள்ளையே போடுகிறார்கள். மீன் படகில் விழுந்ததும் முள் தானாகக் கழன்றுவிடும். ஒன்று ஒன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தால் கூட்டம் போய்விடும்.

பாறை மீனுக்கு எந்த வடிவமும் சரிவரும், முள்ளின் தடிமன்தான் கவனிக்க வேண்டியது. மெல்லிய முள் அதன் இழுப்பில் நிமிர்ந்துவிடும். அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு தடித்ததை வாங்கக் கூடாது. தடித்த முனை ஏற அதிக விசை வேண்டும். தங்கூஸ் இழுபடுகிற பொருள் என்பதால், ஆழம் கூடக்கூட நீங்கள் சுண்டுகிற விசையில் ஒரு பங்கு நரம்பிலேயே தொலைந்துபோகும். பத்துப் பதினைந்து மீட்டருக்குள் அடங்குகிற வடகடலில் தடித்த ஜே முள் ஏறும். தென்கடலில் 50 மீட்டருக்கு இறக்கினால் அதே முள் தோலைத் தொட்டுவிட்டுத் திரும்பும். ஆழத்தில் தடித்த முள் வேண்டுமென்றால் வட்ட முள். அதை ஏற்றுவது உங்கள் கை அல்ல, மீனின் ஓட்டம்.

பிளாஸ்டிக் மீனோடு வருகிற மூன்று முனை முள், கடித்ததைத் தவறவிடாது என்பது உண்மைதான். ஆனால் மூன்றும் மெல்லியவை, பெரிய பாறை வந்தால் விரிந்துவிடும். பக்கத்து வள்ளத்து வலையில் பட்டால் பிரிக்க அரை நாள். படகில் துள்ளுகிற மீனின் வாயில் ஒரு முனையும் உங்கள் கையில் இன்னொரு முனையும் ஏறுகிற ஆபத்து வேறு. கழற்றிவிட்டு ஒற்றை முள் மாட்டுவது நல்லது. எடையை மட்டும் சரிபாருங்கள்: புது முள் கனம் குறைந்தால் பிளாஸ்டிக் மீன் நீந்தாமல் பக்கவாட்டில் கவிழும்.

உலோகமும் துருவும்

வெள்ளீயம் பூசிய கார்பன் எஃகு துருப்பிடிக்கும், ஆனால் அரத்தில் தீட்டினால் கூர் வரும். எவர்சில்வர் முள் துருவாது, அந்த அளவுக்குக் கூரும் நிற்காது. நரம்பு அறுந்து மீனோடு போன எவர்சில்வர் முள் வருடக்கணக்கில் அதன் வாயில் கிடக்கும். கார்பன் முள் அரித்து உதிர்ந்துவிடும். விழுங்கிய முள்ளைத் தோண்டாமல் நரம்பை வாயருகே வெட்டி விட வேண்டிய நிலை வருவதால், இரைத் தூண்டிலுக்குக் கார்பன்தான் நம் தேர்வு. எவர்சில்வர் பிளாஸ்டிக் மீனோடு நிற்கட்டும்.

கூர் பார்க்க, முனையைக் கட்டைவிரல் நகத்தில் சாய்த்து வைத்து இழுங்கள். பற்றி நின்றால் சரி, வழுக்கினால் தீட்ட வேண்டும். கடலில் நனைந்த முள்ளைப் புது முள் டப்பாவில் போடாதீர்கள். ஒன்றின் உப்பு ஈரம் டப்பா முழுவதையும் துருவாக்கிவிடும். நல்ல தண்ணீரில் அலசி, காய்ந்த பிறகு தனி டப்பா.

முள்ளையே துண்டிக்கிற பலமான குறடு ஒன்று படகில் எப்போதும் இருக்க வேண்டும். கையில் எதிர்முள் தாண்டி ஏறிவிட்டால் வந்த வழியே பிடுங்கக் கூடாது, சதை கிழியும். முனையை முன்னுக்குத் தள்ளித் தோலுக்கு வெளியே கொண்டுவந்து, எதிர்முள்ளை வெட்டிவிட்டு, மிச்சத்தைப் பின்னுக்கு உருவ வேண்டும். மூட்டு, கழுத்து, கண் பக்கம் என்றால் தொடவே வேண்டாம்; நரம்பை மட்டும் வெட்டி, முள் அசையாமல் துணி சுற்றி, நேரே ஆஸ்பத்திரி. எங்கே குத்தினாலும் டெட்டனஸ் (டிடி) ஊசி போட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்று பார்த்துக்கொள்ளுங்கள்.