25 ஆண்டுகளாகச் 'சக்தி' கேட்கிறேன்: ஆள் மாறியதும் ஒலி மாறியதும்

கிதார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின் இந்திய இசைக்கலைஞர்களோடு சேர்ந்து நடத்திய 'சக்தி' குழுவின் முதல் இசைத்தட்டு 2000-ல் கேசட் வடிவில் என் கைக்கு வந்தது. அப்போது திருச்சியில் இருந்தேன். மிருதங்கம் கற்றுக்கொள்ள ஆரம்பித்து நாலு வருடம் ஆகியிருந்தது. நண்பன் ஒருவனிடம் இருந்த சிடியை வாங்கி, ஒரு ரெக்கார்டிங் சென்டரில் கொடுத்து 60 நிமிடக் கேசட்டில் பதிந்து வாங்கினேன். அந்த இசைத்தட்டில் மூன்றே உருப்படிகள். 'ஜாய்' 18 நிமிடம், 'லோட்டஸ் ஃபீட்' ஐந்து நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு, மூன்றாவது 29 நிமிடம். முதல் இரண்டும் முடிந்ததும் ஏ பக்கத்தில் ஏழு நிமிட நாடா மிச்சம் இருந்திருக்கிறது. அதை வீணாக்க மனமில்லாமல் கடைக்காரர் மூன்றாவதையும் அங்கேயே தொடங்கி, நாடா தீர்ந்த இடத்தில் வெட்டி, பி பக்கத்தில் தொடர்ந்துவிட்டார். நடுவில் சில விநாடிகள் போயே போய்விட்டன. பல வருடம் கழித்து சொந்தமாக சிடி வாங்கிக் கேட்டபோது, அந்த இடம் நெருங்கியதும் கை தானாகக் கேசட்டைத் திருப்பிப் போடத் தயாரானது. இன்றும் அந்த இடத்தில் எனக்குள் ஒரு சின்ன நிறுத்தம் விழுகிறது.

அந்த மூன்று உருப்படிகளும் 1975 ஜூலை 5 அன்று, நியூயார்க் அருகே லாங் ஐலண்டில் உள்ள சவுத்ஹாம்ப்டன் கல்லூரியில் நேரடி நிகழ்ச்சியில் பதிவானவை. கிதார் ஜான் மெக்லாஃப்லின், வயலின் எல். ஷங்கர், தபலா ஜாகிர் உசேன், மிருதங்கம் ராம்நாடு ராகவன், கடம் விக்கு விநாயக்ராம். ஷங்கருக்கு அப்போது 25 வயது, ஜாகிருக்கு 24. அதற்கு முன்னால் மெக்லாஃப்லின் நடத்திய மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ராவைக் கேட்டவர்களுக்கு இது எவ்வளவு பெரிய திருப்பம் என்று புரியும். இரட்டைக் கழுத்து மின்கிதாரும் பில்லி காபமின் டிரம்ஸும் சேர்ந்து அரங்கத்தையே அதிரவைத்த குழு அது. அந்த உச்சத்தில் இருந்து இறங்கி வந்து, தரையில் சம்மணம் போட்டு, மின்சாரம் இல்லாத கிதாரை மடியில் வைத்துக்கொண்டு ராகம் வாசித்தார் மனிதர். பெயர் என்னவோ ஜாஸ் ஃபியூஷன்தான். ஆனால் ஐந்து பேரில் மூன்று பேர் கர்நாடக சங்கீதத்தில் ஊறியவர்கள்.

இந்தச் சேர்க்கை திடீரென்று நடந்துவிடவில்லை. அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் மெக்லாஃப்லின் வீணை கற்றார். ராகவன் அதே இடத்தில் மிருதங்கம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். ஷங்கரும் அங்கே இருந்தார். வீணையின் பாதிப்பு கிதாரிலேயே தெரியும். ஏபிரகாம் வெக்டர் என்ற கைவினைஞர் உருவாக்கிய அந்தக் கிப்சன் கிதாரில், கழுத்தில் விரல் பதிக்கும் மெட்டுகளுக்கு இடையே உள்ள மரத்தைக் கிண்ணம் போலக் குடைந்திருப்பார்கள். விரலை அழுத்தவும் இழுக்கவும் இடம் கிடைப்பதால் கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்து வளைப்பது, வருகிறது. ஒலித்துளைக்குக் குறுக்கே சாய்வாக இன்னும் ஏழு தந்திகள், கூடவே ரீங்காரம் போட. 'லோட்டஸ் ஃபீட்' முடியும்போது கிதார் ஓய்ந்த பிறகும் ஒரு முனகல் தங்குகிறதே, அந்தத் தந்திகளின் வேலை அது. நல்ல ஹெட்போன் வாங்கிய பிறகுதான் அது எனக்குக் காதில் விழுந்தது.

சரி, ஆள் மாற்றத்துக்கு வருகிறேன். இந்தக் குழுவில் யார் போனார், யார் வந்தார் என்று பேசும்போது பெரும்பாலும் மேலே நின்று வாசிக்கிறவர்களைப் பற்றியே பேசுகிறோம். வயலின் போய்ப் புல்லாங்குழல் வந்தது, அப்புறம் மாண்டலின் வந்தது என்று. இத்தனை வருடம் கேட்டதில் எனக்குப் பிடிபட்டது வேறு. கீழ்ஸ்தாயியைத் தாங்குகிற கை மாறும்போதுதான் குழுவின் நடையே மாறுகிறது. இந்தக் காதை எனக்குத் திறந்துவிட்டவர் என் மிருதங்க வாத்தியார்.

இரண்டாவது இசைத்தட்டான 'எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி'யை ஒருநாள் வகுப்பு முடிந்ததும் அவர் வீட்டு டேப்பில் போட்டேன். அதன் முதல் உருப்படியே கொன்னக்கோலில், அதாவது தாளச் சொற்களை வாயால் சொல்வதில், தொடங்கும். சொற்கட்டு கேட்டதும் அவர் கை தன்னால் தொடையில் தாளம் போட ஆரம்பித்துவிட்டது. இரண்டு நிமிடம் போயிருக்கும், கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"மிருதங்கம் எங்கப்பா? போன வாரம் போட்டியே, அதுல ராகவன் இருந்தாரே?"

"அவர் முதல் ரெக்கார்டுல மட்டும்தான் சார். இதுல நாலே பேர்."

"அதானே பார்த்தேன். அப்போ விக்குதான் தொப்பியும் சேர்த்து வாசிக்கறார். பானை வாயை வயித்துல அழுத்தி அழுத்தி எடுக்கறார் பாரு. அந்தக் கும்கி எத்தனை தடவை வருதுன்னு எண்ணு."

தொப்பி என்றால் மிருதங்கத்தின் கனத்த குரல் கொண்ட இடப்பக்கம். கும்கி என்றால் அழுத்தும்போது வளைந்து எழும் ஆழ்ந்த ஒலி. எண்ணினேன். அன்று முதல் அந்த இசைத்தட்டு எனக்கு வேறு இசைத்தட்டு ஆகிவிட்டது. முதல் பதிவில் மிருதங்கத்தின் தொப்பிதான் கம்பளம் விரித்த மாதிரி கீழே இருக்கும். கடம் அதன்மேல் சில்லுச் சில்லாகத் தெறித்துக்கொண்டிருக்கும். ராகவன் இல்லாத பதிவுகளில் தபலாவின் இடது கையும் கடத்தின் கும்கியும் அந்த வேலையைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. நிரப்ப ஆளில்லாததால் இடைவெளி கூடுகிறது, இடைவெளி கூடியதால் வயலினும் கிதாரும் இன்னும் துணிந்து ஓடுகின்றன. 'இந்தியா' என்ற உருப்படியில் வயலின் தனியாகப் பேசும் இடங்களைக் கேட்டால் இது விளங்கும். மிருதங்கம் போனது இழப்பு என்று சில வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அப்படிச் சொல்லமாட்டேன். 'ஜாய்' போன்ற பாய்ச்சலுக்கு ஐந்து பேர் வேண்டும், 'இந்தியா' போன்ற நிதானத்துக்கு நாலு பேரே போதும்.

1977-ல் வந்த 'நேச்சுரல் எலிமென்ட்ஸ்' எனக்குப் பிடிக்கப் பத்து வருடம் ஆனது. உருப்படிகள் சின்னவை, ஸ்டுடியோவில் மெருகேற்றியவை. ஜாகிர் பாங்கோஸ், டோலக், டிம்பாலிஸ் என்று பலதையும் எடுக்கிறார். விக்கு கஞ்சிராவும் மோர்சிங்கும் வாசிக்கிறார். இரண்டே பேர் ஒரு முழுத் தாளவாத்தியக் கச்சேரி நடத்துகிறார்கள். 'வானொலிக்காகச் செய்தது' என்று ஒதுக்கி வைத்திருந்தேன். ஒரு நீண்ட பஸ் பயணத்தில் வேறு வழியில்லாமல் 'மைண்ட் ஈகாலஜி'யை நாலு தடவை கேட்டேன். அந்த வேகத்தில் ஒரு அட்சரம்கூட நசுங்காமல் இருப்பதை அப்போதுதான் கவனித்தேன். அவசரப்பட்டு ஒதுக்கிவிட்டேன் என்று இன்றும் வருத்தம் உண்டு. 1978-ல் குழு கலைந்தது. மூன்றே இசைத்தட்டுகள்.

அப்புறம் கிட்டத்தட்ட இருபது வருட மௌனம். 1997-ல் 'ரிமெம்பர் சக்தி' என்ற பெயரில் இங்கிலாந்தில் மறுபடி மேடையேறினார்கள். ஷங்கர் இல்லை. அந்த இடத்தில் ஹரிபிரசாத் சௌராசியாவின் பான்சுரி, அதாவது வடஇந்தியப் புல்லாங்குழல். 1999-ல் இரண்டு சிடிகளாக வெளிவந்த இந்தப் பதிவில் குழுவின் முகமே வடக்குப் பார்க்கத் திரும்பிவிட்டது. 'சந்திரகௌன்ஸ்' அரைமணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது, 'முக்தி' ஒரு மணி நேரத்துக்கும் மேல். கேசட்டில் கேட்டிருந்தால் எத்தனை இடத்தில் வெட்டியிருப்பார்களோ! பழைய 'சக்தி'யின் துடிப்பைத் தேடிப் போனவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும். எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. இரவு பத்து மணிக்கு மேல், வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ளாமல் கேட்டுப் பாருங்கள். விக்கு இங்கே எவ்வளவு குறைவாக வாசிக்கிறார் என்பதே ஒரு பாடம்.

ஆள் மாற்றத்தை ஒரே உருப்படியில் அளந்து பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு 'லோட்டஸ் ஃபீட்' இருக்கிறது. இந்த ஒரே மெட்டு நாலு பதிவுகளில் நாலு விதமாகக் கிடைக்கிறது. 1976-ல் வந்த மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ராவின் 'இன்னர் வேர்ல்ட்ஸ்' தட்டில் மின்னணுக் கிதாரில் மிதக்கிறது. அதே ஆண்டு வெளிவந்த 'சக்தி'யின் முதல் தட்டில் வயலினும் கிதாரும் ஒன்றையொன்று விட்டுக்கொடுத்துப் பாடுகின்றன. 1997 பதிவில் பான்சுரி அதை மூச்சாக மாற்றிவிடுகிறது. 2000-ல் வந்த 'தி பிலீவர்' தட்டில் யு. ஸ்ரீனிவாஸின் மாண்டலின். நாலையும் ஒரே மூச்சில் கேட்கும் வழக்கம் எனக்கு உண்டு, வருடத்துக்கு ஒரு தடவையாவது. ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் மாண்டலின் பதிவை எடுப்பேன். ஐந்து தந்தி மின்மாண்டலினில் ஒரு ஸ்வரத்தில் இருந்து அடுத்த ஸ்வரத்துக்கு அவர் நழுவுவது தெரியும், போய்ச் சேர்ந்த கணம் தெரியாது. கிதார் அவருக்குப் பின்னால் கொஞ்சம் ஒதுங்கி நிற்கிறது. மூத்தவர் இளையவருக்கு இடம் விடுவது அந்த ஒலியிலேயே கேட்கிறது.

ஸ்ரீனிவாஸ் வந்தபோதுதான் இன்னொரு மாற்றமும் நடந்தது. விக்குவின் இடத்துக்கு அவர் மகன் செல்வகணேஷ் வந்தார். கடம் மட்டுமா, கஞ்சிராவும் மிருதங்கமும் கூட. என் கணக்கில் இந்தக் குழுவின் மிகப் பெரிய திருப்பம் இதுவே. கஞ்சிரா உள்ளங்கை அகலத்துக்குச் சற்றுப் பெரிய வாத்தியம். உடும்புத் தோலில் தண்ணீர் தடவி, பிடித்திருக்கும் கையின் விரலால் தோலை அழுத்தித் தளர்த்தினால், அவ்வளவு சின்னதில் இருந்து அடிவயிற்றுக் குரல் எழும்புகிறது. அப்பா பானையில் கொடுத்த கும்கிக்கு மகன் கஞ்சிராவில் பதில் வைத்திருந்தார். 'மா நோ பா'வில் ஜாகிரும் அவரும் மாறி மாறிப் பேசும் இடத்தை வாத்தியாருக்குப் போட்டுக் காட்ட எனக்கு வாய்க்கவில்லை. அவர் அதற்குள் போய்விட்டார்.

2001-ல் வந்த 'சாட்டர்டே நைட் இன் பாம்பே'யை நான் அதிகம் கேட்பதில்லை. சிவகுமார் சர்மாவின் சந்தூரும் சிவமணியின் தாளமும் தனித்தனியே அருமை. ஆனால் வீடு நிறைய விருந்தாளிகள் வந்த நாள் மாதிரி, வீட்டுக்காரர்களோடு பேச நேரம் கிடைப்பதில்லை. அதில் ஒரு விதிவிலக்கு, ஸ்ரீனிவாஸ் அமைத்து ஷங்கர் மகாதேவன் பாடிய 'கிரிராஜ் சுதா'. மகாதேவன் குழுவில் நிலையாகச் சேர்ந்தபோது எனக்குச் சம்மதமில்லை. குரல் வந்ததும் நம் காது அதன் பின்னாலேயே ஓடிவிடுமே, வாத்தியங்களை யார் கவனிப்பார்கள் என்று நினைத்தேன். பாடகராக மட்டும் நிற்காமல், சொற்கட்டிலும் ஸ்வரத்திலும் இன்னொரு வாத்தியமாகவே அவர் கலந்துவிட்டதைப் போகப் போக ஒப்புக்கொண்டேன்.

2014 செப்டம்பர் 19 அன்று ஸ்ரீனிவாஸ் காலமானார். 45 வயது. அதற்கப்புறம் 'தி பிலீவர்' தட்டை ஒரு வருடத்துக்கு மேல் நான் தொடவே இல்லை.

குழு மறுபடி ஒரு புதிய இசைத்தட்டு கொடுத்தது 2023-ல், 'திஸ் மொமென்ட்' என்ற பெயரில். மாண்டலின் இருந்த இடத்தில் வேறு மாண்டலினை வைக்காமல் வயலினுக்கே திரும்பியிருந்தார்கள். கணேஷ்–குமரேஷ் சகோதரர்களில் கணேஷ் ராஜகோபாலன். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் கிராமி விருதும் வந்தது. கொரோனாக் காலத்தில் ஆளாளுக்கு இருந்த ஊரிலேயே வாசித்துச் சேர்த்த பதிவு இது. ஒலி துல்லியம். ஆனால் 1975 பதிவில் ஒருவர் திரும்பிப் பார்த்ததும் மற்றவர் பாய்வது போன்ற அந்தக் கணம் இதில் குறைவு. ஒரே கூடத்தில் உட்கார்ந்திருந்தால் இன்னும் எங்கேயோ போயிருக்கும் என்று ஒவ்வொரு முறையும் தோன்றுகிறது. முதல் உருப்படியின் பெயர் 'ஸ்ரீனிஸ் டிரீம்'. 'கிரிராஜ் சுதா'வும் இதில் இருக்கிறது. இசையமைத்தவர் இல்லாமல் அந்த மெட்டு வரும்போது, மாண்டலின் நுழைய வேண்டிய இடத்தில் என் காது இன்னும் காத்திருக்கிறது.

2024 டிசம்பரில் ஜாகிர் உசேனும் போனார். ஷங்கர், ராகவன், விக்கு, ஸ்ரீனிவாஸ் என்று எல்லா இடமும் கை மாறியபோதும், மெக்லாஃப்லினோடு கடைசிவரை கூடவே இருந்த ஒரே கை அவருடையது. செய்தி வந்த அன்று இரவு 'ஜாய்' போட்டேன். 24 வயதுப் பையன் வாசிக்கிறார். ராகவன் ஒரு தீர்மானத்தை, அதாவது முடிப்புச் சொற்கட்டை, முடித்துக் கொடுக்கிறார், ஜாகிர் அதை அரை நொடி வைத்திருந்து திருப்பித் தருகிறார். அந்த அரை நொடியை மறுபடி மறுபடி ஓட்டிக் கேட்டேன்.

எந்த வடிவத்தில் கேட்பது என்று நண்பர்கள் கேட்பார்கள். ஊசி வைத்துக் கேட்கும் எல்பி தட்டின் ஆசை எனக்கும் இருந்தது, முதல் தட்டை வாங்கினேன். எல்பியில் ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடம், சற்று மேலே போனால் வசதி. இரண்டாம் பக்கத்தில் 29 நிமிடத்தை அடக்கியதால் கீற்றுகள் நெருங்கி, ஒலி அளவு குறைந்துவிட்டது. மெதுவான இடங்களில் ஊசியின் உராய்வு மேலே வந்துவிடுகிறது. அந்தத் தட்டுக்கு சிடிதான் சரி. 128 கேபிபிஎஸ் எம்பி3-யில் பல வருடம் கேட்டிருக்கிறேன். விக்குவின் நகம் பானையில் படும் ஓசை அதில் மழுங்கிவிடும். இப்போது ஸ்ட்ரீமிங்கில் உயர்தரத்தில் கிடைப்பது எவ்வளவோ மேல்.

புதிதாகக் கேட்பவர்கள் 'லோட்டஸ் ஃபீட்' 1975-ல் தொடங்கி, அப்புறம் 'தி பிலீவர்' முழுவதையும் கேளுங்கள். அதன்பின் 'ஜாய்'. ஃபோன் ஸ்பீக்கரில் மட்டும் வேண்டாம். வயலினும் கிதாரும் வந்துவிடும், கும்கி வராது.